அடிக்காதீர்கள், உடனே அள்ளுங்கள்

மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் மாலையில் நாயோடு நடக்கிறவர்கள் சந்தித்தால் பேச்சு உண்ணியில் தொடங்கும். முடி கொட்டுவதற்குப் போகும். கடைசியில் குரல் தாழும்: "அக்கா, எங்க ஜிம்மி கக்கா போயிட்டு அதையே திரும்பித் தின்னுடுதுக்கா." இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் தெருவோரத்தில் கிடைத்த எங்கள் மணியும் குட்டியில் இதைத்தான் செய்தான்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் பெஞ்சமின் ஹார்ட்டும் குழுவினரும் ஏறத்தாழ 3,000 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு, 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 16 சதவீத நாய்களுக்கு, அதாவது ஆறில் ஒன்றுக்கு, இந்தப் பழக்கம் அடிக்கடி இருந்தது. தட்டை வைத்ததும் வாரி விழுங்கும் நாய்களிடமும், பல நாய்கள் உள்ள வீடுகளிலும் அதிகம். என்ன சாப்பாடு போடுகிறோம், வயது என்ன என்பதெல்லாம் வித்தியாசம் காட்டவில்லை. தயிர்சாதம் போட்டதால்தான் இப்படி என்று வீட்டுப் பெரியவர்களைக் குறை சொல்ல வேண்டாம்.

இவை தின்பது பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் விழுந்த மலத்தைத்தான். ஹார்ட் சொல்லும் காரணம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஓநாய்க் குகை அருகே நோயுற்ற ஓநாய் மலம் கழித்தால், அதிலுள்ள புழு முட்டைகள் தொற்றும் பருவத்துக்கு வரச் சில நாளாகும். அதற்குள் தின்றுவிட்டால் குகை சுத்தமாகிறது. ஓநாய் வழிவந்த நாய்க்குள் அந்தப் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது.

ஆகவே ஆரோக்கியமான நாய் தன் மலத்தைத் தின்றால் பெரும்பாலும் வயிறு தாங்கிக்கொள்ளும். ஆபத்து தெருவில் கிடக்கும் அடுத்த நாயின் மலத்தில். பார்வோ வைரஸும் ஜியார்டியா கிருமியும் முதிரக் காத்திருப்பதில்லை, புது மலத்திலிருந்தே தொற்றும். வாந்தி, நாற்றமடிக்கும் கழிச்சல், சோர்வு என்று போய், தடுப்பூசி போடாத குட்டியைப் பார்வோ கொன்றே விடும். நாள்பட்ட மலத்தில் உருண்டைப்புழு முட்டைகள் முதிர்ந்திருக்கும். தேனுபுரீஸ்வரர் கோயில் பக்கத்துத் தெருக்களில் மாட்டுச் சாணத்தை நக்குவதற்கு நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன்.

ஒரு நிலையை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. நாய் நிறையத் தின்கிறது, ஆனாலும் விலா தெரிய இளைக்கிறது. மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, குவியலாகப் போகிறது. கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காதபோது இப்படி ஆகும். ஜெர்மன் ஷெப்பர்டுகளிடம் அதிகம் காணலாம். உண்டது செரிக்காமல் வெளியேறுவதால் பசி அடங்காது. மலத்திலும் உணவு மிச்சமிருக்கும், அதனால் நாய் அதையும் தின்னும். ரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். நொதிப் பொடியைச் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் நாய் தேறிவிடும், ஆனால் ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். குடற்புழு, சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மருந்து ஆகியவையும் இப்படிப் பசியைக் கிளப்பும். வளர்ந்த நாய் திடீரென்று இதைத் தொடங்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

பழக்கத்தை நிறுத்தும் என்று விற்கும் மாத்திரை, பொடி என 11 வகைகளைப் பற்றியும் ஹார்ட் குழு விசாரித்தது. இரண்டு சதவீதத்துக்கு மேல் எதுவும் பலிக்கவில்லை. அடித்தால் இன்னும் மோசம். நம்மைக் கண்டதும் அவசரமாக விழுங்கவே நாய் கற்றுக்கொள்ளும். மலம் விழுந்த மறுநொடி அள்ளிவிடுவதுதான் பலன் தரும். வெளியே போகும்போது கயிற்றைக் கையில் குறுக்கிப் பிடியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுங்கள். குழந்தைகளின் முகத்தை நாய் நக்க விடாதீர்கள்.

ஏரிக்கரையில் நடக்கும்போது பையில் ஒரு பழைய செய்தித்தாளும் எடுத்து வாருங்கள். உங்கள் நாய் விட்டுச் செல்வதை அடுத்த வீட்டுக் குட்டி தின்ன வேண்டாம்.