பெட்டிக்கடை தெரிந்தவன் பட்டினி கிடக்க மாட்டான்!

"அடுத்த மாசம் நீங்க டோக்கியோ போகணும். மூணு மாச வேலை" என்று மானேஜர் சொன்னதும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் அம்மாவுக்கு ஒரு போன். அடுத்து, கோட்டு வாங்க தி.நகருக்கு ஓட்டம். மூன்றாவதுதான் முக்கியம். ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு கால்குலேட்டரை எடுத்து, கம்பெனி தரும் தினப்படியைத் தொண்ணூறால் பெருக்கி, ரூபாயாக மாற்றி, தங்கச்சி கல்யாணக் கடனில் எவ்வளவு அடையும் என்று பார்ப்பீர்கள். வருகிற தொகையில் தூக்கமே போய்விடும்!

அந்தக் கணக்கில் ஒரே ஒரு ஓட்டை. அந்த மூணு மாசமும் நீங்கள் சாப்பிட்டாக வேண்டும்.

இந்த விஷயத்தில் இரண்டு ரகம் உண்டு. முதல் ரகம், மூன்று வேளையும் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டு, ரூமிலிருக்கும் குட்டி ஃப்ரிட்ஜைத் திறந்து கடலையும் கொறித்து, ஊர் திரும்பும்போது ஏர்போர்ட்டில் சாக்லேட் வாங்கக்கூடக் காசில்லாமல் நிற்கும். இரண்டாவது ரகம் சிக்கன சிகாமணி. என்னோடு வந்த நண்பர் ஒருவர் இந்த வகை. பெட்டி நிறைய கப் நூடுல்ஸ் கொண்டுவந்து, மூன்று வேளையும் வெந்நீர் ஊற்றி அதையே தின்றார். மூன்றாவது வாரம் தலைசுற்றி ஆபீஸிலேயே உட்கார்ந்துவிட்டார். மிச்சம் பிடித்தது டாக்டருக்குப் போயிற்று. கப் நூடுல்ஸ் பலவற்றில் சூப்போடு குடித்தால் ஒரு நாளைக்கு வேண்டிய உப்பு ஏறக்குறைய முழுசும் ஒரே கப்பில் உள்ளே போய்விடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழே. இவர் தின்றது மூன்று கப்!

நான் மூன்றாவது ரகம். காரணம், என் படிப்பல்ல, என் ஊர்.

எலவனாசூர்கோட்டை. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் ரோட்டில், பஸ்ஸில் தூங்கிக்கொண்டே நீங்கள் தாண்டியிருக்கக்கூடிய ஊர். 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரித்து எங்களைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சேர்த்தார்கள். மாவட்டம் மாறியதே தவிர, பெட்டிக்கடை மாறவில்லை. விடிகாலை பஸ்ஸுக்கு நிற்பவனுக்கு பன்னும் டீயும், பள்ளிக்கூடப் பிள்ளைக்கு பென்சில், வயிற்றுவலிக்காரருக்கு ஓமவாட்டர், ராத்திரி கடைசி பஸ்ஸில் இறங்குகிறவருக்கு இரண்டு வாழைப்பழம். எல்லாம் ஆறடிக்கு நாலடி இடத்தில்!

அந்தக் கடை எனக்கு மூன்று பாடம் சொல்லிக் கொடுத்தது. ஒன்று, எந்தச் சரக்கு எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்துகொள். இரண்டு, இன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கு. மூன்று, கடைக்காரர் முகத்தைப் பார்த்துப் பேசு. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த ஊரிலும் பிழைக்கலாம் சார்.

ஐஸ் விற்ற கடை

வெளிநாட்டுத் தெருமுனைகளில் சிவப்பு, பச்சை, ஆரஞ்சு போர்டோடு நிற்கிறதே 'செவன் இலெவன்', அதன் பூர்வீகமும் ஒரு பெட்டிக்கடைதான். 1927-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்தில் ஐஸ்கட்டி விற்ற இடம் அது. மற்ற கடைகள் மூடின பிறகு வந்தவர்கள், "பால் இருக்கா? ரொட்டி இருக்கா? முட்டை இருக்கா?" என்று கேட்க, ஐஸ்காரர் அதையும் வாங்கி வைத்தார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. 1946-ல் காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை திறந்திருக்கும் என்பதையே கடைக்குப் பெயராக வைத்தார்கள். 1974-ல் டோக்கியோவுக்குப் போனது. 1991-ல் அந்த ஜப்பான்காரர்களே அமெரிக்கத் தாய்க் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கிவிட்டார்கள். மருமகன் மாமனார் வீட்டையே விலைக்கு வாங்கின கதை!

இந்தியாவில் அதன் முதல் கடை 2021-ல் மும்பையில்தான் திறந்தது. நமக்கு அவசரம் இல்லை. நம்மிடம்தான் தெருவுக்கு நாலு பெட்டிக்கடை இருக்கிறதே!

சிங்கப்பூர்: 'மாமா' இருக்க பயமேன்?

முதல் வெளிநாடு பெரும்பாலும் சிங்கப்பூராகத்தான் இருக்கும். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தரைத்தளத்தில் சின்னதாக ஒரு கடையைப் பார்க்கலாம். மிட்டாய் ஜாடி, பத்திரிகை, பேட்டரி, பிஸ்கட், குளிர்பானம் எல்லாம் தொங்கும், அடுக்கியிருக்கும். அதற்குச் சீனர், மலாய்க்காரர் எல்லோரும் சொல்லும் பெயர் 'மாமா ஷாப்'. சாட்சாத் நம்ம தமிழ் மாமாதான்! தமிழ்நாட்டிலிருந்து போன முஸ்லிம் வியாபாரிகளை மரியாதையாக 'மாமா' என்று கூப்பிட்டதில் வந்த பெயர். எங்கள் ஊரில் 'பாய் கடை', அங்கே 'மாமா கடை'. உறவுமுறைதான் மாறுகிறது.

இந்தக் கடைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டு வருகின்றன. கண்ணில் பட்டால் விடாதீர்கள். நான் தங்கியிருந்த கட்டடத்தின் கீழே ஒன்று இருந்தது. தினமும் அங்கேதான் ரொட்டியும் பழமும் வாங்குவேன். நடுவில் ஜுரம் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் தட்டுத்தடுமாறி இறங்கினால், கல்லாவிலிருந்து குரல்: "என்ன தம்பி, ரெண்டு நாளா ஆளையே காணோம்? முகம் ஏன் இப்படி இருக்கு?" மாத்திரையும் எலுமிச்சம்பழமும் கொடுத்து, "ரசம் வைக்கத் தெரியுமா?" என்றும் கேட்டார். அந்த ஊரில் என்னைக் காணோம் என்று கவனித்த ஒரே ஆள் அவர்தான். கம்பெனி கவனித்திருந்தால் அது லீவு கணக்குக்காக இருந்திருக்கும்.

ஆகவே, பத்துக் கடைகளில் பத்து காசு மிச்சம் பிடிக்க அலையாதீர்கள். ஒரு கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கிறவனுக்கு அது பெரிய காவல்.

சிங்கப்பூரில் இன்னும் சில. குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசு கொட்டாதீர்கள். சூயிங்கம் விற்பனைக்கு 1992 முதல் தடை. கடையில் கேட்டு முழிக்காதீர்கள். மெல்லும் புகையிலையை ஊரிலிருந்து கொண்டுபோகவே கூடாது. சிகரெட்டுக்கு அங்கே வரிவிலக்கு இல்லை, ஒரு பாக்கெட் என்றாலும் சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். கடையில் பீர் வாங்க இரவு பத்தரை வரைக்கும்தான் நேரம்.

ஜப்பான்: கொம்பு என்றால் கொம்பல்ல!

டோக்கியோ போனால் உங்கள் குலதெய்வம் 'கொன்பினி'. கன்வீனியன்ஸ் ஸ்டோர் என்பதை ஜப்பான்காரர் வாயில் சுருக்கின சொல். நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேலே இருக்கின்றன. பெரும்பாலும் ராப்பகலாகத் திறந்திருக்கும்.

வயிற்றுக்கு முதல் சிநேகிதன் 'ஒனிகிரி'. முக்கோணமாகப் பிடித்த சாதம், மேலே கடற்பாசித் தாள். விலை சுமார் 150 முதல் 200 யென். காகிதத்தில் 1, 2, 3 என்று நம்பர் போட்டிருக்கும். 1-ஐப் பிடித்து நடுவில் கிழித்து, 2-ஐயும் 3-ஐயும் இரண்டு பக்கமும் இழுத்தால் கடற்பாசி மொறுமொறுவென்று சாதத்தில் ஒட்டிக்கொள்ளும். நம்பரை மதிக்காமல் பிய்த்தால் சாதம் கையில், கடற்பாசி காகிதத்தில்!

உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் விவகாரம். சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 'தமாகோ' என்றால் முட்டை. டமால் என்று உடையும், ஞாபகம் இருக்கும். 'தோரி' கோழி. தந்தூரியை நினைத்துக்கொள்ளுங்கள். 'கியூ' மாடு. 'புதா' பன்றி. 'உமே' என்பது உப்பிலிட்ட புளிப்புப் பழம், நம் ஊறுகாய்க்குத் தூரத்துச் சொந்தம். 'கொம்பு' என்றால் ஆட்டுக் கொம்பல்ல, கடற்பாசி. 'சாகே' என்று எழுதின ஒனிகிரியைப் பார்த்துக் குஷியாகாதீர்கள். சரக்கு இல்லை, சால்மன் மீன்!

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. காய்கறி மாதிரி தெரிவதிலும் மீன் சாறு கலந்திருக்கும். வெறும் உப்புச் சாத உருண்டை, வாழைப்பழம், தயிர், கடலை, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று தேடுங்கள். போனில் இருக்கும் மொழிபெயர்ப்பு கேமராவை லேபிள் மேல் காட்டினால் பாதிக் கவலை தீரும்.

பில் போடும்போது அந்தப் பெண் கேட்பது இரண்டே கேள்விதான். சாப்பாட்டைச் சூடு பண்ணவா? பை வேண்டுமா? வேண்டும் என்றால் "ஹாய்". நம்ம ஆபீஸ் 'ஹாய்' இல்லை, 'ஆமாம்' என்று அர்த்தம். வேண்டாம் என்றால் "தைஜோபு". 2020 ஜூலை முதல் பிளாஸ்டிக் பைக்குத் தனிக் காசு, ஊரிலிருந்து ஒரு மஞ்சப்பையை மடித்து எடுத்துப் போங்கள். பணத்தை அவர் கையில் திணிக்காமல், எதிரே இருக்கும் தட்டில் வையுங்கள். அதுதான் அங்கே மரியாதை.

சாப்பாடு தவிர அந்தக் கடை ஒரு குட்டி தாலுகா ஆபீஸ். ஏ.டி.எம். உண்டு, செவன் இலெவனில் இருப்பது வெளிநாட்டு கார்டையும் ஏற்கும். ஜெராக்ஸ் உண்டு. கப்புக்கு வெந்நீர் உண்டு. தெருவில் குப்பைத்தொட்டியைக் காண்பது அபூர்வம், கடையில் இருக்கும். பல கடைகளில் கழிவறையும் உண்டு, கேட்டுவிட்டுப் போங்கள். ஊர் திரும்ப இரண்டு மூன்று நாள் இருக்கும்போது பெட்டியை இங்கே கொடுத்தால், கட்டணத்துக்கு ஏர்போர்ட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ஆனால் பெரும்பாலான கடைகளில் ஜுர மாத்திரை கிடைக்காது. டாக்டர் சீட்டோடு இங்கிருந்தே கொண்டுபோங்கள்.

வளைகுடா: நோட்டு அங்கேயும் உண்டு

துபாய், சவூதிப் பக்கம் போகிற நம்ம ஆட்களுக்கு 'பக்காலா'. அரபியில் மளிகைக் கடை. பெரும்பாலும் கல்லாவில் ஒரு மலையாளச் சேட்டன் இருப்பார். போன் பண்ணினால் ஒரு தண்ணீர் பாட்டிலானாலும் மாடியேறிக் கொண்டுவந்து தருவார்கள். கொஞ்சம் பழகிவிட்டால், சம்பளம் வரும் வரை நோட்டில் எழுதிக்கொள்வதும் உண்டு. அங்கே மலிவான சாப்பாடு இரண்டு. ஒன்று குபூஸ் ரொட்டி. இன்னொன்று 'லபன்'. பெயரைக் கேட்டு மிரளாதீர்கள், நம்ம மோர்தான்! வெயிலில் வேலை பார்க்கிறவர்கள் கோலாவுக்குப் பதில் இதைக் குடித்தால் உடம்புக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது.

மற்ற ஊர்கள், ஓட்டமாக...

தாய்லாந்தில் சைவம் தேடினால், மஞ்சளில் சிவப்பாக '17' மாதிரி தெரியும் எழுத்தைப் பாருங்கள். அது நம்பர் இல்லை, 'ஜே' என்ற சைவ முத்திரை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக்கிடக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். தவறினால் ரயில்வே ஸ்டேஷனும் பெட்ரோல் பங்கும்தான் கதி. காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், சூப்பர் மார்க்கெட் மெஷினில் போட்டால் 25 சென்ட் திரும்பி வரும். அமெரிக்காவில் அட்டையில் இருக்கும் விலை வேறு, பில்லில் வரும் விலை வேறு. பல மாநிலங்களில் விற்பனை வரியைக் கல்லாவில்தான் சேர்ப்பார்கள். லண்டனில் மத்தியானம் சாண்ட்விச், கொறிப்பு, குளிர்பானம் மூன்றும் சேர்த்து ஒரே விலைக்குத் தருவார்கள். தனித்தனியாக வாங்கினால் நஷ்டம்.

எங்கே போனாலும் ஏ.டி.எம். திரை, "ரூபாயில் கணக்குப் போடவா?" என்று அன்பாகக் கேட்கும். மயங்காதீர்கள்! அந்த ஊர்ப் பணத்தையே அமுக்குங்கள். ரூபாய்க்கு மாற்றித் தருகிறேன் என்பதில் அவன் கமிஷன் ஒளிந்திருக்கும்.

எதை வாங்கக்கூடாது?

இவ்வளவு புகழ்ந்தாலும் தெருமுனைக் கடை தர்ம சத்திரம் அல்ல. அது நேரத்தை விற்கிறது, அதற்கு விலை வைக்கிறது. ஒரு வாரத்துக்கு வேண்டிய பால், முட்டை, பழம், அரிசியைப் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வாங்குங்கள். ஜப்பானில் ராத்திரி கடை மூடும் நேரத்துக்குப் போனால், மீந்த சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். ஷாம்புவுக்குப் பெரிய பாட்டில் எதற்கு? பக்கத்துக் கடலூரில் சின்னிகிருஷ்ணன் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்று நாட்டுக்கே வழிகாட்டினாரே, அந்த ஷாம்பு பாக்கெட்டில் ஒரு சரம் போதும்.

என் கணக்கு எளிசு. காலையில் ரூமில் ரொட்டி, முட்டை, பழம். மத்தியானம் கடைச் சாப்பாடு. ராத்திரி ஒரு வேளை மட்டும் நல்ல ஹோட்டலில் வயிறாரச் சூடான சாப்பாடு. உடம்பும் நிற்கும், தங்கச்சி கல்யாணக் கடனும் குறையும்.

கடைசியாக ஒன்று. டோக்கியோவில் எத்தனை அழகாகக் குனிந்து வணக்கம் சொன்னாலும், "சில்லறை இல்லையா? பரவாயில்லை, அப்புறம் கொடு தம்பி" என்று எந்த மெஷினும் சொல்லாது. அப்படிச் சொன்னவர் உங்கள் தெருவிலும் ஒருத்தர் இருப்பார். பிளேன் ஏறுவதற்கு முன்னால் அவர் நோட்டைப் பார்த்து, பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போங்கள்!