ஸாஸ்தர்: இரைச்சலைக் கழற்றிவைத்த துயரம்

பிளாக் மெட்டல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நார்வே. 1990களின் தொடக்கத்தில் அங்கே இந்த இசை உருக்கொண்டபோது பனியும் காடும் எரிந்த தேவாலயங்களும் சேர்த்தே பேசப்பட்டன. ஆனால் இந்த வகையின் மிகத் துயரமான ஆல்பங்களில் சில, பனிக்கே வேலையில்லாத ஓர் ஊரில் பிறந்தவை. அந்த ஊர், லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே இருக்கும் ஆல்ஹாம்ப்ரா. வெயில் காயும் அந்தப் புறநகரில் 'மலெஃபிக்' என்ற புனைபெயரில் ஸ்காட் கானர் வளர்த்தெடுத்ததுதான் 'ஸாஸ்தர்'. 1995இல் தொடங்கியபோது வேறு சிலரும் உடனிருந்தார்கள். நாளடைவில் கிதார், பேஸ், கீபோர்டு, குரல், ஒலிப்பதிவு என எல்லாவற்றையும் அவர் ஒருவரே பார்த்துக்கொண்டார்.

2002இல் 'நாக்டர்னல் பாய்சனிங்' என்ற முதல் ஆல்பம் வந்தது. அதன்பிறகு அவர் ஓயவில்லை. 2004இல் மட்டும் இரண்டு ஆல்பங்கள். இடையிடையே டெமோக்கள், பிற குழுக்களோடு பங்கிட்டுக்கொண்ட வெளியீடுகள். 2010க்குள் எட்டு முழு ஆல்பங்கள் ஆகிவிட்டன. அந்த எட்டாவது ஆல்பமான 'போர்ட்டல் ஆஃப் சாரோ'வைத்தான் நான் மறுபடி மறுபடி கேட்கிறேன்.

வேகம் குறையும்போது

பிளாக் மெட்டலின் வழக்கமான குணம் வேகம். டிரம்ஸ் இடைவிடாமல் அதிரும். ஒரே ஸ்வரத்தைக் கிதார் படபடவென்று மீட்டிக்கொண்டே இருக்கும். கேட்பவர் மனதில் முதலில் ஏறுவது கோபம்தான். அதே ஸ்வரங்களை மெதுவாக வாசித்தால், ஒவ்வொன்றும் தேய்ந்து அடங்க நேரம் கிடைக்கிறது. கோபம் வடிந்து ஏக்கம் மேலே வருகிறது. நார்வேயின் 'பர்ஸம்' 1996இல் வெளியிட்ட 'ஃபிலோசோஃபெம்' இந்த வழியைக் காட்டிய ஆல்பங்களில் ஒன்று.

கானர் அந்த வழியில் இன்னும் தூரம் போனார். ஒன்றோடொன்று ஒட்டாத ஸ்வரங்களைக் கிதாரில் அடுக்கினார். அவற்றின் மேல் கீபோர்டைப் புகைபோலப் படரவிட்டார். குரலையோ எல்லாவற்றுக்கும் அடியில் புதைத்தார். வார்த்தை பிடிபடாது, வலி மட்டும் கேட்கும். 'சன்' என்ற ட்ரோன் மெட்டல் குழு 2005இல் வெளியிட்ட 'பிளாக் ஒன்' ஆல்பத்துக்காக அவரைச் சவப்பெட்டிக்குள் படுக்கவைத்து, மூடிப் பாடவைத்த சம்பவம் மெட்டல் ரசிகர்களிடையே பிரபலம். அதன் திகிலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அடைபட்ட இடத்திலிருந்து வரும் அந்தக் குரல், அவருடைய சொந்த ஆல்பங்களில் ஏற்கெனவே இருந்தது. பெட்டி புதிதாக எதையும் சேர்த்துவிடவில்லை.

மெட்டு வெளியே வந்தது

'போர்ட்டல் ஆஃப் சாரோ'வில் முதலில் கவனத்தை ஈர்ப்பது மரிஸ்ஸா நாட்லரின் குரல். அவர் ஃபோக் பாடகி. மெட்டல் உலகத்துக்கு வெளியே இருந்து வந்தவர். பழைய ஆல்பங்களில் அலறல் நிறைத்திருந்த இடத்தில் அவர் பதற்றமே இல்லாமல் பாடிச் செல்கிறார். கிதாரின் கரகரப்பும் பின்வாங்கிவிடுகிறது. அதுவரை இரைச்சலுக்குள் தேடிப் பிடிக்கவேண்டியிருந்த மெட்டு, இங்கே தானாகக் காதில் விழுகிறது. பிளாக் மெட்டலின் உக்கிரத்தை எதிர்பார்த்து வருபவருக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும். எனக்கோ, ஸாஸ்தரின் இசையில் எது உயிர், எது உறை என்று இங்கேதான் தெளிந்தது.

அந்த 2010இலேயே ஸாஸ்தரை முடித்துக்கொள்வதாகக் கானர் அறிவித்தார். மின்கிதாரை வைத்துவிட்டு அக்கூஸ்டிக் கிதாரை எடுத்தார். அந்தப் புதிய முயற்சிக்குத் தன் முதல் ஆல்பத்தின் பெயரையே, 'நாக்டர்னல் பாய்சனிங்' என்று சூட்டினார். பிறகு ஸாஸ்தர் என்ற பெயருக்கே திரும்பி, 2016இல் வெளியிட்ட 'சப்ஜெக்ட் டு சேஞ்ச்' ஆல்பத்திலும் விரல்களால் மீட்டும் அக்கூஸ்டிக் இசைதான்.

ரசிகர்கள் பலர் இதை மெட்டலைக் கைவிட்டதாகப் பார்த்தார்கள். கைவிடப்பட்டது சத்தம் மட்டுமே. அதே கோணலான ஸ்வர அடுக்குகள், எங்கும் போய் நிலைகொள்ளாத அதே மெட்டுகள் அக்கூஸ்டிக் கிதாரிலும் தொடர்கின்றன. இந்த வகை இசையின் துயரம் அதன் இரைச்சலிலும் அலறலிலும் இருக்கிறது என்பது பரவலான எண்ணம். இரண்டையும் நீக்கிய பிறகும் துயரம் குறையவில்லை என்பதைக் கானரின் பின்னாளைய இசை நிரூபிக்கிறது. அதற்கான ஒத்திகை 'போர்ட்டல் ஆஃப் சாரோ'விலேயே நடந்துவிட்டது.

பிளாக் மெட்டலைச் சத்தம் என்று ஒதுக்கியவர்களும் இந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். இதைச் சில முறை கேட்ட பிறகு 2002ஆம் ஆண்டின் முதல் ஆல்பத்துக்குப் போங்கள். ஒலிப்பதிவு கரடுமுரடாக இருக்கும்; ஆனால் எதைப் பின்தொடர வேண்டும் என்று காதுக்குத் தெரிந்திருக்கும். தன் எட்டாவது ஆல்பத்தால் முதல் ஆல்பத்தைக் கேட்கக் கற்றுத்தரும் கலைஞர்கள் அபூர்வம். ஸாஸ்தரின் மெட்டல் காலத்தில் எனக்கு மிக முக்கியமான படைப்பு இதுவே.