60 வயதுக்கு மேல் நெஞ்சு படபடக்கிறதா? கதீட்டர் அப்லேஷன் என்றால் என்ன... ஆபத்துகள் என்னென்ன?

மயிலாடுதுறை மாவட்டம் திருக்கடையூர் அமிர்தகடேஸ்வரர் கோயிலுக்கு 60 வயதில் மணிவிழா, 80-ல் சதாபிஷேகம் என ஆயுள் வேண்டி தம்பதிகள் வருகிறார்கள். இதய துடிப்பு தாறுமாறாகும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' பிரச்னையும் இந்த வயதுகளில்தான் அதிகம். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது" என்று பெரியவர்கள் சொன்னால், "வாயுவா இருக்கும், சுக்கு காபி குடிங்க" என்பதே பல வீடுகளில் முதல் பதில். ஆனால் இதில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம். மருந்துக்குக் கட்டுப்படாத சிலருக்கு டாக்டர்கள் சொல்வது, கதீட்டர் அப்லேஷன்.

எப்படி செய்கிறார்கள்?

நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன் இல்லை. தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் அனுப்புவார்கள். கோளாறான மின்துடிப்பு கிளம்பும் இடத்தைக் கண்டுபிடித்து, சூடு வைத்தோ, உறைய வைத்தோ அதை முடக்குவார்கள்.

பலன் எவ்வளவு?

திடீரென துடிப்பு 150-க்கு மேல் எகிறி, சட்டென நிற்கும் 'எஸ்.வி.டி' வகையில் பெரும்பாலானோருக்கு ஒரே முறையில் சரியாகிவிடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அந்த அளவுக்கு உறுதி சொல்ல முடியாது. சிலருக்கு மறுபடியும் செய்ய வேண்டி வரும்.

ஆபத்துகள் என்னென்ன?

* குழாய் செலுத்திய இடத்தில் ரத்தக்கசிவு, வீக்கம். இதுதான் அதிகம் வருவது.
* இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவது. உடனே வெளியேற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து.
* பக்கவாதம்.
* இதயத்தின் இயல்பான மின்பாதை பாதிக்கப்பட்டு, பேஸ்மேக்கர் தேவைப்படுவது.
* இதயத்துக்குப் பின்னால் உள்ள உணவுக்குழாயில் காயம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சிகிச்சையில் மிக அரிதாக நடப்பது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது.

வீட்டுக்கு வந்த பிறகு?

உணவுக்குழாய் காயம் உடனே தெரியாது. சில வாரங்கள் கழித்து காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி என்று வரலாம். 'சாதா காய்ச்சல்தானே' என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடக்கூடாது. அப்லேஷன் செய்துகொண்டதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். இந்தச் சந்தேகம் இருந்தால் எண்டோஸ்கோபிக்கு முன்பு சி.டி. ஸ்கேன் பார்ப்பதே பாதுகாப்பு.

படபடப்பு நின்றுவிட்டது என்பதற்காக ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைந்தது 2 மாதம் அவசியம். பக்கவாத ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு அதன் பிறகும் தொடரும்.

வாய் கோணுதல், பேச்சு குழறுதல், மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.