நூலகத்தில் திருட என்ன இருக்கிறது?

“நூலகத்துல திருடறதுக்கு என்ன சார் இருக்கு? பேங்க்கா இது?”

நூலக மென்பொருளின் பாதுகாப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நூலகர்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், நிதானமாகப் பேசுவோம். இந்த விஷயத்தை அவசரமாகச் சொன்னால் கேட்பவருக்குப் பயம் மட்டும்தான் மிஞ்சும்.

பேச்சுக்குக் கோஹா என்ற நூலக மென்பொருளை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் ஓடுவது அதுதான். இன்ஃப்ளிப்நெட்டின் சோல், என்.ஐ.சி.யின் இ-கிரந்தாலயா என்று வேறு மென்பொருள்களும் இங்கே புழங்குகின்றன. கோஹா பிறந்தது நியூசிலாந்தில். ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளை வைத்திருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்று தெரிந்ததும், 1999இல் ஒரு சிறு நிறுவனம் அவர்களுக்காகப் புதிதாக எழுதிக் கொடுத்தது. 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. மூல நிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் நம் ஊர்க் கல்லூரி வரை வந்து சேர்ந்தது.

அதற்குள் என்ன இருக்கிறது? புத்தகப் பட்டியல் இருக்கிறது. அதை யாரும் திருட வேண்டாம், ஊருக்கே திறந்துதான் வைத்திருக்கிறோம். அதே தரவுத்தளத்தில் உறுப்பினர் பட்டியலும் இருக்கிறது. பெயர், வீட்டு முகவரி, செல்பேசி எண், மின்னஞ்சல், பிறந்த தேதி, சில இடங்களில் புகைப்படம். ஒரு கல்லூரியில் படிக்கும் எல்லாப் பெண்களின் செல்பேசி எண்ணும் முகவரியும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்றால் அதை விலைக்கு வாங்க ஆள் இருக்காதா? அதற்கும் மேலே, யார் எப்போது எந்தப் புத்தகத்தை எடுத்தார் என்ற வரலாறு. மன அழுத்தம் பற்றிய புத்தகம், விவாகரத்துச் சட்டம், எச்.ஐ.வி. சிகிச்சை, மதமாற்றம். ஒருவர் தன் வீட்டிலேயே வாய் திறந்து சொல்லாததை அவருடைய இரவல் பட்டியல் சொல்லிவிடும். ஏ.டி.எம். கார்டு தொலைந்தால் வங்கியில் புதிது கொடுப்பார்கள். இது வெளியே போனால் போனதுதான்.

சரி, மென்பொருளில் ஓட்டை எப்படி இருக்கும்? 2015இல் வெளிவந்த ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். வியன்னாவில் உள்ள எஸ்பிஏ ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனத்தார் கோஹாவைச் சோதித்தார்கள். வாசகர்கள் புத்தகம் தேடும் ஓபாக் பகுதியில், பொருள் தலைப்புகளைப் பெரிதும் சிறிதுமான எழுத்தில் கொத்தாகக் காட்டும் ஒரு பக்கம் இருந்தது. எத்தனை தலைப்புகளைக் காட்ட வேண்டும் என்று அந்தப் பக்கத்துக்கு ஓர் எண் கொடுக்கலாம். அந்த இடத்தில் வருவது எண்தானா என்று நிரல் சரிபார்க்கவில்லை. வந்ததை அப்படியே தரவுத்தளத்துக்குப் போகும் கட்டளையோடு ஒட்டி அனுப்பியது.

டீக்கடையில் ‘டீ எத்தனை’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கேட்கிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் ‘2’ என்று எழுதினால் இரண்டு டீ வரும். ஒருவன் ‘2, அப்படியே கல்லாப்பெட்டியையும் எடுத்துக் கொடு’ என்று எழுதுகிறான். மாஸ்டர் சீட்டில் இருப்பதை வரி மாறாமல் செய்பவர். கல்லாவும் வந்துவிடும். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்று கணினிக்காரர்கள் சொல்வது இவ்வளவுதான். பெயர்தான் பெரிது. கோஹாவில் அந்தப் பக்கத்தைத் திறக்க லாகின்கூடத் தேவைப்படவில்லை. ஓபாக் இணையத்தில் இருந்தால் போதும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அந்தச் சீட்டை எழுதலாம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் அகப்பட்டது. பக்கத்தின் வடிவமைப்புக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை முகவரியிலேயே சொல்லலாம் என்று ஓரிடத்தில் விட்டிருந்தார்கள். இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டால் ஓர் அடைவு மேலே ஏறலாம். அதையே நாலைந்து முறை அடுக்கினால் கோஹாவின் எல்லையைத் தாண்டி சர்வரில் இருக்கும் மற்ற கோப்புகளைப் படிக்கலாம். கோஹா தன் தரவுத்தளப் பாஸ்வேர்டை ஓர் அமைப்புக் கோப்பில் வெறும் எழுத்தாகவே வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இரண்டையும் அந்த வருடமே அடைத்துவிட்டார்கள். 3.16, 3.18, 3.20 ஆகிய மூன்று வரிசைகளுக்கும் திருத்தப் பதிப்பு வந்தது. கோஹாவை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திறந்த மென்பொருளில்தான் ஓட்டை அதிகம் என்று சிலர் சொல்வார்கள். மூடிய மென்பொருளிலும் ஓட்டை உண்டு, நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சிக்கல் அடைத்த பிறகுதான் தொடங்குகிறது. திருத்தம் வெளியானால், எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்றினார்கள் என்பதும் கூடவே வெளியாகும். நேற்று வரை நாலு பேருக்குத் தெரிந்த ஓட்டை இன்று எல்லோருக்கும் தெரியும். அப்டேட் போட்டவர் தப்பித்தார். போடாதவரின் சர்வரில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று திருத்தமே காட்டிக்கொடுத்துவிடும். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் நடப்பது என்ன? யாரோ ஒரு பழைய மாணவரோ வெளியூர் ஏஜென்சியோ வந்து, மூலையில் இருக்கும் கணினியில் உபுண்டு போட்டு, கோஹா நிறுவிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு ‘ஓடுறதைத் தொடாதே’ என்பதுதான் பராமரிப்புக் கொள்கை. நூலகரைத் திட்டிப் பயனில்லை. அவர் படித்தது நூலக அறிவியல், லினக்ஸ் நிர்வாகம் அல்ல. கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு தரும் நாக் குழு வருவதற்கு முன் கணினிமயம் ஆகிவிட்டதாகக் காட்டப் பணம் ஒதுக்கிய நிர்வாகம், அதன் பிறகு ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்காததுதான் கோளாறு.

பாஸ்வேர்டுக்கு வருவோம். நுழைவுப் பெயர் ரோல் நம்பர், பாஸ்வேர்டு பிறந்த தேதி. இப்படி வைத்தால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள் என்று ஒரு சௌகரியம். கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு கல்லூரியில் படிப்பவர்கள் பெரும்பாலும் ஆறு வருட இடைவெளிக்குள் பிறந்தவர்கள். ஆறு வருடத்தில் மொத்தம் சுமார் 2,190 தேதிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஒரு சின்ன நிரல் போதும். ரோல் நம்பரோ அடையாள அட்டையிலும் தேர்வு அறைப் பலகையிலும் ஊரறியக் கிடக்கிறது. கோஹாவில் 2013 கடைசியில் 3.14 வரும் வரை பாஸ்வேர்டுகளை எம்டி5 என்ற பழைய முறையில் மாற்றிச் சேமித்தார்கள். அதை உடைப்பது எளிது. பிறகு பிகிரிப்ட் என்ற வலுவான முறைக்கு மாறினார்கள். நல்ல மாற்றம். ஆனால் பாஸ்வேர்டே பிறந்த தேதியாக இருந்தால் பிகிரிப்ட்டும் என்ன செய்யும்? 2,190 முயற்சிதானே.

அடுத்தது யாரும் கவனிக்காத ஒன்று. பணக்காரக் கல்லூரிகளில், வாசகர் தானே புத்தகத்தை வைத்து எடுத்துக்கொள்ளும் செல்ஃப் செக் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அது நூலக சர்வரோடு பேசும் மொழி எஸ்ஐபி2. ஒட்டும் டேப் செய்கிற அதே 3எம் நிறுவனம் 1990களில் வகுத்தது. அந்தக் காலத்தில் இயந்திரமும் சர்வரும் ஒரே கட்டடத்தில் ஒரே கம்பியில் இருந்தன. ரகசியக் குறியாக்கம் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இன்றும் அது வெறும் எழுத்தாகத்தான் போகிறது. வாசகர் அட்டையைக் காட்டியதும் சர்வர் அனுப்பும் பதிலில் ஏஇ என்ற இரண்டெழுத்தை அடுத்துப் பெயர், பிடியை அடுத்து வீட்டு முகவரி, பிஇயை அடுத்து மின்னஞ்சல், பிஎஃப்பை அடுத்துத் தொலைபேசி எண். இயந்திரம் கேட்கும்போது ஏடியை அடுத்து வாசகரின் பாஸ்வேர்டு. அதே கேம்பஸ் நெட்வொர்க்கில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்கிற மாணவனுக்கு எதையும் உடைக்க வேண்டிய வேலையே இல்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும். இதற்குத் தனிப் பாதை போட்டுக் குறியாக்கம் செய்து அனுப்ப வேண்டும். இயந்திரம் விற்பவர்கள் கேட்டால்தான் செய்து தருவார்கள்.

இதெல்லாம் பெரிய இடங்களில் நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபர் 28 அன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் முடங்கியது. கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரைசிடா என்ற ரேன்சம்வேர் கும்பல் சுமார் 600 ஜிபி தரவை அள்ளிக்கொண்டு 20 பிட்காயின் கேட்டது. நூலகம் கொடுக்கவில்லை, தரவை இருண்ட வலையில் கொட்டிவிட்டார்கள். நூலகத்தின் முதன்மைப் பட்டியல் மறுபடி இணையத்துக்கு வந்தது 2024 ஜனவரி 15 அன்று, அதுவும் தேடிப் பார்க்க மட்டும். அங்கே வழிவிட்டது நூலக மென்பொருள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து வேலை செய்பவர்களுக்காக வைத்திருந்த ஒரு சர்வரில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லை. அதன் வழியாகத்தான் நுழைந்திருக்க வேண்டும் என்று நூலகமே 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. மூடிமறைக்காமல் எழுதிய அறிக்கை அது. நம் நிறுவனங்கள் எதுவும் அப்படி எழுதும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. மீள்வதற்கு ஏன் அவ்வளவு காலம் ஆனது என்பதற்கு அது சொன்ன காரணம்தான் நமக்கு முக்கியம்: பழைய மென்பொருள்கள் பலவற்றைத் திரும்ப நிறுவவே முடியவில்லை, அவற்றைத் தயாரித்தவர்கள் ஆதரவை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். அதே அக்டோபர் 28 அன்று டொரொண்டோ பொது நூலகமும் தாக்கப்பட்டது. அங்கே வாசகர்கள் திருப்பிக் கொடுத்த லட்சக்கணக்கான புத்தகங்களைக் கணக்கில் ஏற்ற வழியில்லாமல் லாரிப் பெட்டிகளில் அடுக்கி வைத்தார்கள்.

பேக்கப் இருக்கிறதே என்பீர்கள். கோஹாவை வழக்கமான முறையில் நிறுவினால் தினமும் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அதை அதே கணினியின் அதே டிஸ்க்கில்தான் வைக்கும். பூட்டுகிறவன் இரண்டையும் சேர்த்தே பூட்டுவான். வாரம் ஒருமுறையாவது வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறொரு கணினியில் ஏற்றி, ஓடுகிறதா என்று பாருங்கள்.

நூலகர்கள் தாங்களாகவே செய்யக்கூடியவை இன்னும் சில. ஊழியர்கள் நுழையும் பக்கம் ஓபாக்கிலிருந்து தனி. அதை இணையத்தில் திறந்துவைக்கத் தேவையே இல்லை, கல்லூரி வளாகத்துக்குள் மட்டும் கிடைத்தால் போதும். கோஹாவின் 22.05 பதிப்பு முதல் ஊழியர் கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வசதி உண்டு, அமைப்புகளில் போய் இயக்க வேண்டியதுதான். புத்தகம் திரும்பி வந்த பிறகு யார் எடுத்தார் என்ற தொடர்பை அழித்துவிடும் வசதியும் கோஹாவிலேயே இருக்கிறது. ஆண்டறிக்கைக்கு எத்தனை பேர் எத்தனை புத்தகம் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கை வேண்டும்; யார் என்ற விவரம் எதற்கு? என் அபிப்பிராயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முதலில் செய்ய வேண்டியது இதுதான். இல்லாததை எவனும் திருட முடியாது.

நாளைக்கு வேலைக்குப் போனதும் கோஹாவின் ‘அபௌட்’ பக்கத்தைத் திறந்து பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2016இலிருந்து அந்த எண் வருடத்தையும் மாதத்தையும் சொல்கிறது, 19.11 என்றால் 2019 நவம்பர். 3 என்று தொடங்கினால் அதற்கும் முந்தையது. எண்ணை ஒரு தாளில் எழுதி, அப்டேட் செய்யவும் ஆண்டுதோறும் பராமரிக்கவும் பணம் வேண்டும் என்று முதல்வருக்கு எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாசகர்களே, உங்கள் நூலகப் பாஸ்வேர்டு பிறந்த தேதியாக இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.