கேபிளா, ஏர்ஃபைபரா? பணம் கட்டும் முன் ஒரு வார்த்தை

2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும் செப்டம்பரில் ஜியோவும் ஏர்ஃபைபரைப் பெருநகரங்களில் தொடங்கின. மொட்டைமாடியில் மாட்டும் பெட்டி பக்கத்து டவரின் 5ஜி அலையைப் பிடித்து, வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்கு அனுப்பும். கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுக்க வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி கருணாபுரம் போன்ற இடங்களுக்கு இந்தப் போட்டி நல்லதுதான். கேபிள்காரர் சொன்னதே விலை என்ற நிலை இனி இருக்கத் தேவையில்லை.

ஆனால் அலை எல்லோருக்கும் பொது. தெருவே கைபேசி பார்க்கும் இரவு நேரத்தில் ஏர்ஃபைபரின் வேகம் இறங்கலாம். குறுக்கே குன்றோ உயர்ந்த கட்டடமோ இருந்தால் சிக்னலே நலியும். கல்வராயன் மலை ஊர்களில் இதை முதலில் பார்க்க வேண்டும். ஃபைபர் ஒயரில் வேகம் நிலையாக இருக்கும். அதற்குப் பகை பள்ளம் தோண்டும் ஜேசிபி. அறுந்தால் ஆள் வந்து சேர்க்கும்வரை இணையம் இல்லை.

ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் நிறுவும் கட்டணம் தள்ளுபடி என்பார்கள். தினக்கூலிக் குடும்பங்கள் அதற்குச் சம்மதிக்கவே கூடாது. ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், இரவிலும் மழையிலும். விளம்பர விலையோடு 18% ஜிஎஸ்டி சேரும். 'அன்லிமிடெட்' என்பதற்கும் மாத வரம்பு உண்டா, அதைத் தாண்டினால் வேகம் எவ்வளவு என்று கேளுங்கள். கேபிள்காரர் இணையம் தந்தால், உரிமம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர் ரசீதில் இருக்கட்டும்.

பழுதானால், பெட்டி மாட்டிய பையனுக்குப் போன் செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். நிறுவனத்தின் இலவச எண்ணில் புகார் சொல்லி டாக்கெட் எண் (புகார்ப் பதிவு எண்) வாங்குங்கள். அது கையில் இல்லாவிட்டால் பின்னால் நிரூபிப்பது கடினம். சரியாகவில்லையா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிப்படி 30 நாளுக்குள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் அங்கே முடிவு சொல்லியாக வேண்டும்.

தொலைத்தொடர்பு வழக்குகள் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று நிறுவனங்கள் வாதாடிவந்தன. 2022 பிப்ரவரியில், வோடஃபோன் ஐடியா வழக்கில், உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். சேவைக்கு நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழி தெரியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

இணைப்பை விடும்போது பெட்டியைக் கொடுத்து, கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். இணைப்பு முடிந்த 45 நாளுக்குள் உங்கள் முன்பணம் திரும்பி வர வேண்டும்.