வீட்டின் வெம்மையும் ஈரமும்

நேயர்களே, இவ்வானொலியில் வானிலை அறிக்கை வாசிக்கப்படுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் அதிகூடிய வெப்பநிலை 34 பாகை செல்சியஸ் என்று அறிவிப்பாளர் கூறும்போது, அந்த 34 பாகை எவ்விடத்தில் அளக்கப்பட்டது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? மரபாக அது திறந்த வெளியிலே, புல்தரைக்கு மேலே, ஏறத்தாழ ஓர் ஆளின் நெஞ்சளவு உயரத்தில் நிறுத்திய வெள்ளைப் பலகைப் பெட்டி ஒன்றினுள் அளக்கப்படுவதாகும். அப்பெட்டியின் பக்கங்கள் சாய்ந்த சட்டங்களால் ஆனவை. காற்றுப் புகும், வெயில் புகாது. ஸ்கொத்லாந்து நாட்டுப் பொறியியலாளராகிய தோமஸ் ஸ்டீவன்சன் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த அமைப்பு அது. கதாசிரியர் ஆர். எல். ஸ்டீவன்சனின் தந்தையாரே இவர் என்பதையும் இலக்கிய அன்பர்களுக்காகச் சொல்லி வைக்கின்றேன்.

ஆயின், அந்தப் பெட்டிக்குள் எவரும் குடியிருப்பதில்லை. நாம் குடியிருப்பது ஓட்டின் கீழும், தகரத்தின் கீழும், சீமெந்துத் தட்டின் கீழுமே. ஒரே வீட்டில், ஒரே வேளையில், குசினியில் ஒரு வானிலையும் விறாந்தையில் இன்னொன்றும் புத்தக அறையில் வேறொன்றும் நிலவுகின்றன. இவற்றை அளந்து, கம்பியின்றி வானலை மூலம் அறிவிக்கும் சிறு கருவிகள் இன்று கடைகளிலே கிடைக்கின்றன. உணரி என்பது அவற்றின் பெயர். தீப்பெட்டி அளவினதான உணரியை ஒவ்வோர் அறையிலும் வைத்துவிட்டால், ஒரு சிறு திரையிலோ கைத்தொலைபேசியிலோ எல்லா அறைகளின் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் ஒருங்கே பார்க்கலாம்.

இக்கருவிகளை நான் வாங்கியது விளையாட்டாகவே. அவை எங்கள் வீட்டைப் பற்றி நாங்கள் கொண்டிருந்த ஒரு பிழையான எண்ணத்தைக் கலைத்தன. எங்கள் வீட்டின் முற்பகுதி பழைய ஓட்டு வீடு. பிற்பகுதியில் பின்னர் கட்டிய சீமெந்துத் தட்டுக்கூரை அறையொன்று உண்டு. எண்பது வயதைக் கடந்த என் தாயார் அந்தப் புதிய அறையிலேயே படுப்பார். வீட்டிலே மிகக் குளிர்ந்த அறை அதுவே என்பது எங்கள் எல்லோருடைய துணிபு. காலை பத்து மணிக்கு உள்ளே சென்றால் அப்படித்தான் தோன்றும். சித்திரை, வைகாசி மாதங்களில் அம்மா இரவில் உறங்குவதில்லை. விடிந்தால் தலைச்சுற்று என்பார். முதுமையின் குறை என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

ஒரு சித்திரை இரவு ஒன்பது மணிக்குத் திரையைப் பார்த்தேன். வெளியே 29 பாகை. ஓட்டறையில் 31 பாகை. அம்மாவின் அறையில் 34 பாகை! விடியற்காலையிலும் அவ்வறை 32 பாகைக்குக் கீழே இறங்கவில்லை.

இதன் காரணம் கடினமானதன்று. சீமெந்துத் தட்டுப் பாரமானது. பகல் முழுவதும் வெயிலை உண்ணும். உண்ட வெப்பம் அதனூடாக இறங்கி உட்பக்கத்தை அடையப் பல மணி நேரம் செல்லும். ஆகவே காலையில் முந்தின இரவின் குளிர்ச்சியையும், இரவில் அன்றைய நண்பகலின் வெப்பத்தையும் அது நமக்குத் தருகின்றது. ஓடு மெல்லியது, விரைவில் சூடேறும், விரைவில் ஆறும். பகலில் ஓட்டறை வெக்கையாயிருந்தாலும் இரவிலே படுப்பதற்கு அதுவே ஏற்றது.

முதியோரின் உடல் வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலிற் குறைந்தது. தாக உணர்ச்சி மங்கும், வியர்வையும் குறையும். 2003ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பிரான்ஸ் தேசத்தைத் தாக்கிய வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் முதியோர். பகல் வெம்மை மட்டும் அவர்களை வருத்தவில்லை. இரவிலும் ஆறாத வீடுகளில் உடலுக்கு ஓய்வு கிடைக்காமற் போனதும் ஒரு காரணம். அச்செய்தியை எப்போதோ வாசித்திருந்தும், அது என் வீட்டுப் பின்னறைக்கும் பொருந்தும் என்று நான் நினைத்ததில்லை.

அம்மாவை முன்னறைக்கு மாறச் சொன்னபோது அவர் எளிதில் இணங்கவில்லை. "தம்பி, உந்தப் பெட்டி சொல்லுறதைக் கேட்டோ நான் கட்டிலை மாத்திறது?" என்றார். இரண்டு அறைகளின் எண்களையும் மூன்று இரவுகள் அவருக்கே வாசித்துக் காட்டினேன். நான்காம் இரவு கட்டில் முன்னறைக்கு வந்தது. பின்னர் தட்டின் மேற்புறத்துக்கு வெள்ளைப் பூச்சுப் பூசுவித்தோம். அதனால் இரவு ஒன்பது மணி வெப்பநிலை இரண்டு பாகை அளவில் இறங்கிற்று. இங்கே ஒன்று சொல்லவேண்டும். உணரி காற்றின் வெப்பநிலையை மட்டுமே அறியும். சூடான தட்டிலிருந்து நேரே உடலின்மேல் வீசும் வெப்பக் கதிரை அது சரிவரக் காட்டாது. மின்விசிறி தரும் சுகத்தையும் அது அறியாது. விசிறி சுழன்றாலும் நின்றாலும் எண் மாறுவதில்லை.

இனி ஈரத்துக்கு வருவோம். திரையிலே நூற்றுக்கு இத்தனை வீதம் என்று தோன்றுவது சாரீரப்பதன் எனப்படும். மயக்கத்துக்கு இடமான எண் இதுவே. காற்றில் எவ்வளவு நீராவி இருக்கின்றது என்பதை அது கூறுவதில்லை. அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கின்றது என்பதையே கூறுகின்றது. 20 பாகையில் ஒரு கனமீட்டர் வெளியில் ஏறத்தாழ 17 கிராம் நீராவி இருக்கலாம். 30 பாகையில் 30 கிராம். 34 பாகையில் 37 கிராமுக்கு மேல். எனவே நீரின் அளவு சற்றும் மாறாதிருக்க, சூடு ஏறிய மாத்திரத்தில் வீதம் இறங்கிவிடும்.

நான் கூறிய அந்தச் சித்திரை இரவில் வெளியே 82 வீதமும் அம்மாவின் அறையில் 63 வீதமும் காணப்பட்டன. அறை உலர்ந்திருக்கின்றது என்று மகிழ்ந்தால் ஏமாந்துபோவோம். கணக்கிட்டுப் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒரு கனமீட்டரில் இருந்த நீராவி ஏறத்தாழ 24 கிராமே. வெப்பமும் ஈரமும் சேர்ந்து உடலை எவ்வளவு வருத்தும் என்பதைக் காட்ட வெப்பச் சுட்டெண் என்ற ஒன்றைக் கணிப்பார்கள். நமது வளிமண்டலவியல் திணைக்களமும் அதனைக் கொண்டே எச்சரிக்கை விடுக்கின்றது. 32 பாகையில் 40 வீத ஈரப்பதனாயின் உடலுக்கு 33 பாகை போலத் தோன்றும். 70 வீதமாயின் 41 பாகை போலத் தோன்றும். வியர்வை உலராமையே காரணம். 34 பாகையும் 63 வீதமும் சேர்ந்தால் சுட்டெண் 43ஐ அண்மிக்கும். சில கருவிகளின் திரையிலே ஒரு சிறு முகம் வரையப்பட்டிருக்கும். சுகமான நிலையில் அது சிரிக்குமாம். குளிர்நாட்டாருடைய சுகத்தை அளவாக வைத்துச் செய்தார்கள் போலும். எங்கள் வீட்டு முகம் மார்கழி விடியற்காலையிலன்றிச் சிரித்ததில்லை.

இச்சிறு பெட்டி ஈரத்தை எவ்வாறு அறிகின்றது? சுவிற்சர்லாந்து அறிஞர் டி சோசூர் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனிதத் தலைமயிரைக் கொண்டு ஈரமானி ஒன்றைச் செய்தார். ஈரத்தில் மயிர் நீளும், உலர்ந்தாற் குறுகும். 1973ஆம் ஆண்டில் பின்லாந்தின் வைசாலா நிறுவனம் வேறொரு முறையை வெளியிட்டது. இரண்டு மின்வாய்களுக்கிடையே மெல்லிய பிளாஸ்ரிக் படலம் ஒன்றை வைத்தால், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், வெளிவிடும். அதற்கேற்ப மின்னைச் சேர்த்து வைக்கும் அதன் கொள்ளளவமும் கூடிக் குறையும். இன்று வீடுகளில் உள்ள உணரிகளிற் பல இம்முறையின் வழிவந்தவையே.

கம்பியின்றி அறிவித்தல் அதனினும் பழையது. கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. அதன்பின் ஐந்தாண்டுகள் நிறையுமுன்னரே பிரான்சில் ரொபேட் பியூரோவும், சோவியத் நாட்டில் பாவெல் மொல்ச்சனோவும் பலூனிற் கட்டி வானுக்கு அனுப்பிய கருவிகள் அங்குள்ள வெப்பநிலையை வானலை மூலம் தரைக்கு அறிவித்தன. எங்கள் அலுமாரியின் மேலிருக்கும் பெட்டி அவற்றின் பேரப்பிள்ளை எனலாம். அதுவும் ஒரு சிறிய வானொலி நிலையமே. 433 மெகாஹேட்ஸ் மீடிறனில் இயங்கும் வகையினது, நிமிடத்துக்கு ஒருமுறை போல, ஒரு விநாடிக்கும் குறைந்த நேரம் பேசிவிட்டு உறங்கிப்போகும். ஆகவேதான் இரண்டு சிறிய பற்றரிகள் ஓராண்டுவரை தாங்குகின்றன. இவ்வகைக்குத் தனித் திரை உண்டு; இணையம் வேண்டியதில்லை. கைத்தொலைபேசியோடு இணையும் வகைகளிற் சில நம் வீட்டு விபரங்களைக் கடல்கடந்த கணினிகளுக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப நமக்குக் காட்டுகின்றன. என் படுக்கையறை வெப்பநிலை எவர்க்கு என்ன பயன் தருமோ அறியேன். ஆயினும் நான் முதல்வகையையே விரும்பினேன். ஒன்றை மட்டும் நினைவிற் கொள்க: இரும்பு அலுமாரிக்குள் வைத்த உணரியின் குரல் வெளியே கேட்பது அரிது.

எங்கே வைப்பது என்பதில் நான் ஒரு தவறு செய்தேன். கருவியோடு வந்த கையேடு, வெளியுணரியை வீட்டின் வடக்குச் சுவரில் மாட்டும்படி கூறிற்று. அவ்வாறே செய்தேன். வைகாசியிலே ஒரு நாள் அது 41 பாகை காட்டியபோது உலகம் அழியப்போகின்றதோ என்று திகைத்தேன். உண்மை வேறு. ஐரோப்பாவில் நண்பகற் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். ஆதலால் வடக்குச் சுவர் நிழலானது. யாழ்ப்பாணத்திலோ சித்திரைப் பிறப்பையொட்டிச் சூரியன் உச்சிக்கு வருகின்றது. அன்றிலிருந்து ஓகஸ்ட் மாத இறுதிவரை நண்பகலில் நமக்கு வடக்கேயே நிற்கின்றது. என் உணரி வெயில் காய்ந்துகொண்டிருந்தது! இப்போது அது விறாந்தைத் தாழ்வாரத்தின் உள்ளே, எந்த மாதத்திலும் வெயில் படாத இடத்திலே தொங்குகின்றது. உள்ளே வைப்பவற்றையும் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, வெயிலடிக்கும் யன்னல் ஆகியவற்றுக்கு அப்பால் வைத்தல் வேண்டும்.

புத்தக அறையின் கதை அம்மாவின் அறைக்கு நேர்மாறானது. தந்தையார் சேர்த்துவைத்த நூல்கள் அங்கே உள்ளன. அவற்றுட் சில இனி அச்சில் வரப்போவதில்லை. காற்றின் ஈரப்பதன் 65, 70 வீதத்துக்கு மேலே நெடுநாள் நின்றால் தாளிலே பூஞ்சணம் பிடிக்கும். மாரிகாலத்தில் மழை விட்டு வெளித்தவுடன், அறை காற்றாடட்டும் என்று யன்னல்களை விரியத் திறப்பது எங்கள் நெடுநாள் வழக்கம். ஒரு கார்த்திகை நாள் அவ்வாறு திறந்தபோது வெளியே 27 பாகை, 92 வீதம். உள்ளே 29 பாகை, 78 வீதம். நீராவிக் கணக்கிலே வெளியே 24 கிராமுக்குச் சற்றுக் குறைவு, உள்ளே 22 கிராமுக்குச் சற்று அதிகம். நாங்கள் நூல்களை உலர்த்தவில்லை, நனைத்துக்கொண்டிருந்தோம்.

சோளகம் வீசும் ஆவணி நண்பகலிலோ வெளியே 32 பாகை, 60 வீதம். அக்காற்றில் 20 கிராமே நீராவி. வெக்கைக்கு அஞ்சி நாங்கள் யன்னலைச் சாத்தி வைத்த வேளையே நூல்களுக்குக் காற்றூட்டத் தகுந்த வேளை. ஆகவே இப்போது ஒரே பகலில் அம்மாவின் அறை யன்னல் சாத்தியிருக்கும், புத்தக அறை யன்னல் திறந்திருக்கும். இரவிலே அம்மாவின் யன்னல் திறக்கும், புத்தக அறை சாத்தப்படும். வருவோர் இதனை ஒரு கிறுக்கு என்று கருதக்கூடும்.

கிராமைக் கணக்கிட விரும்பாதோர் பனிபடுநிலை என்னும் எண்ணைப் பார்க்கலாம். காற்று எந்த வெப்பநிலைவரை குளிர்ந்தால் பனி படியத் தொடங்குமோ அதுவே பனிபடுநிலை. பல கருவிகள் இதனைத் தாமே காட்டும். வெளியே உள்ள பனிபடுநிலை உள்ளே உள்ளதிலும் தாழ்ந்திருந்தால் திறக்கலாம், உயர்ந்திருந்தாற் சாத்தலாம். வீதத்தை ஒப்பிட வேண்டா.

இறுதியாக, கருவி உண்மை பேசுகின்றதா என்று சோதிப்பது எங்ஙனம்? விலை குறைந்த உணரிகள் ஈரப்பதனில் ஐந்து வீதம்வரை தவறுதல் சாதாரணம். இதற்கு ஆய்கூடம் வேண்டியதில்லை, குசினி போதும். ஒரு போத்தல் மூடியிற் கறியுப்பை இட்டு, ஈரமணல்போல் ஆகுமளவுக்குச் சில துளி நீர் விடுக; உப்பு முழுவதும் கரைந்துவிடலாகாது. அதனையும் உணரியையும், ஒன்றோடொன்று படாமல், காற்றுப் புகாத போத்தலினுள் மூடி ஓர் இரவும் பகலும் வைத்திருக்க. உள்ளே இருக்கும் காற்று 75 வீதத்தில் வந்து நிற்கும். நம் நாட்டு வெப்பநிலைகளில் இந்த எண் ஏறக்குறைய மாறுவதேயில்லை. திரை 80 காட்டினால் அந்த உணரி ஐந்து கூட்டிச் சொல்கின்றது. அதனைக் கழித்துக் கொள்க. எங்கள் நான்கு உணரிகளில் இரண்டு சரியாகவே சொல்லின. ஒன்று மூன்று வீதம் குறைத்தும், புத்தக அறையிலிருந்தது ஆறு வீதம் கூட்டியும் சொல்லின. ஒவ்வொன்றின் முதுகிலும் அதன் பிழையை எழுதி ஒட்டியிருக்கின்றேன். ஆண்டுதோறும் ஐப்பசியில், மாரிமழை தொடங்குமுன், உப்புப் போத்தலை மீண்டும் எடுத்து அவற்றைச் சோதித்து அந்த எண்களைத் திருத்துவதுண்டு.