ஒஸ்தி பட்டு, ஓட்டை டிசைன்!

2022-ல் லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'விக்ரம்' வந்த பிறகு, 1986-ல் வந்த பழைய 'விக்ரம்' படத்தையும் பலர் தேடிப் பார்க்கிறார்கள். "அந்தக் காலத்திலேயே எப்பேர்ப்பட்ட விஞ்ஞானப் படம்" என்று என் வீட்டுக்காரரும் புகழ்ந்ததால், தறி வேலையை முடித்துவிட்டுக் குடும்பத்தோடு பார்த்தோம். மனசில் பட்டதைச் சொல்கிறேன். கமல் ரசிகைகள் கோபித்துக் கொள்ள வேண்டாம்!

திறமைசாலிகளுக்கா பஞ்சம்? கமல்ஹாசன், சத்யராஜ், அம்பிகா, லிசி, சாருஹாசன், ஜனகராஜ். இந்தியிலிருந்து டிம்பிள் கபாடியா, அம்ஜத்கான். கதை சுஜாதா, இசை இளையராஜா. கதையும் லேசுப்பட்டதல்ல. 'அக்னிபுத்ரா' என்ற ஏவுகணையைக் கடத்தி விடுகிறார்கள். மனைவியைப் பறிகொடுத்த உளவாளி அதை மீட்கக் கிளம்புகிறார். நம் நாட்டு நிஜ 'அக்னி' ஏவுகணையை முதலில் சோதித்ததே 1989-ல்தான். மூன்று வருஷம் முந்திக்கொண்டது சுஜாதாவின் கற்பனை!

பாதிப் படம் வரை விறுவிறுப்புதான். சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குள் நுழைந்ததும் ராஜா, இளவரசி, பாட்டு, கூத்து என்று பழைய ராஜா ராணிக் கதை ஆகிவிடுகிறது. 'ஷோலே'யில் நடுங்க வைத்த அம்ஜத்கான் இங்கே சிரிப்பு ராஜா. ஏவுகணை காணாமல் போனதே நமக்கு மறந்து போகிறது.

எனக்கு ரொம்ப வருத்தம் லிசியின் பாத்திரத்தில்தான். 1986-லேயே ஒரு பெண்ணைக் கம்ப்யூட்டர் நிபுணராகக் காட்டியது பெரிய விஷயம். ஆனால் போன இடத்தில் கம்ப்யூட்டரை விட, கதாநாயகனோடு வாய்ச்சண்டைக்கும் காதலுக்கும்தான் அவருக்கு நேரம் சரியாக இருக்கிறது. ஏழாவது படிக்கும் என் மகள், "அந்த அக்கா எப்பம்மா கம்ப்யூட்டர்ல வேலை செய்வாங்க?" என்று கேட்டாள். "பாட்டு முடியட்டும்டி" என்றேன். பாட்டு முடிந்தது, சண்டை வந்தது. அவள் எழுந்து படுக்கப் போய்விட்டாள்.

கம்ப்யூட்டர் படிப்பதுதான் அவள் ஆசை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அவ்ளோ படிப்பு?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள். பத்தாவதோடு நின்ற எனக்கு அந்தப் பேச்சின் வலி தெரியும்.

எங்கள் சேவூரில் பட்டுத்தறி மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் ஓடும் அட்டையில் உள்ள துளைதான் எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்று சொல்லும். பிரான்சில் 1804-ல் ஜக்கார்டு என்பவர் கொண்டு வந்த முறை இது. இதே துளை அட்டைதான் பிற்பாடு கம்ப்யூட்டருக்கும் போனது. பட்டும் ஜரிகையும் எவ்வளவு ஒஸ்தியானாலும், அட்டையில் துளை தப்பினால் டிசைன் போச்சு. சினிமாவுக்குத் திரைக்கதைதான் அட்டை.

இனி விஞ்ஞானப் படம் எடுப்பவர்கள், பெரிய நடிகர்களைச் சேர்க்கும் முன் அட்டையைச் சரி பாருங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பெண் என்று காட்டினால், அவளை அந்த வேலையைச் செய்ய விடுங்கள். எங்கள் வீட்டுப் பெண் குழந்தைகள் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்!

- ஒரு வாசகி, சேவூர்.